ஒரே டிக்கெட்டில் இரண்டு நாடகம்

சாவு வீட்டில் யாராவது சிரித்துப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருப்பீர்கள். கூடத்தில் பெரியவரைக் கிடத்தியிருப்பார்கள். தலைமாட்டில் விளக்கு எரியும். பெண்கள் அழுது அழுது தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும். அப்போது ஊரிலிருந்து வந்த அத்தை ஒருத்தி, "காபியில் சர்க்கரை கொஞ்சம் குறைந்தால் வீட்டையே இரண்டாக்குவாரே! இன்றைக்கு இத்தனை பேர் குடிக்கிறோம். ஒரு வார்த்தை கேட்கிறாரா பார்!" என்பாள்.

ஒரு நிமிஷம் எல்லாரும் திகைப்பார்கள். பிறகு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அது அடுத்தவளுக்கும் தொற்றிக்கொள்ளும். சிரிப்பு முடிவதற்குள் அழுகை பீறிட்டு வரும். முதலில் அழுத அழுகையில் ஆறாத துக்கம் இந்த அழுகையில் கொஞ்சம் ஆறும்.

இந்தச் சிரிப்புக்கு என்ன பெயர்? ஹாஸ்யம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அது சிரிப்புத்தான். வருஷப் பிறப்பன்று நம் வீடுகளில் வேப்பம்பூவையும் வெல்லத்தையும் சேர்த்துப் பச்சடி செய்கிறோம். கசப்பைத் தனியாகத் தின்ன முடியாது. இனிப்பை மட்டும் தின்றால் அது வாழ்க்கை ஆகாது. இரண்டும் ஒரே கரண்டியில் வரவேண்டும். அந்த அத்தையின் பேச்சும் அப்படிப்பட்ட பச்சடிதான்.

இந்தப் பச்சடியை மேடையில் பரிமாறுவதற்கு ஏற்ற பாத்திரம் ஒன்று உண்டு. அதுதான் ஓரங்க நாடகம்.

தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மாதம் ஒரு மாலை, ஒரே டிக்கெட்டில் இரண்டு ஓரங்க நாடகங்கள் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. வெறும் கிச்சுகிச்சு மூட்டும் நாடகங்களைச் சொல்லவில்லை. நெஞ்சு பதைக்கப் பதைக்கச் சிரிக்க வைக்கும் நாடகங்களைச் சொல்கிறேன். அவற்றைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

"இது என்ன விபரீத ஆசை?" என்று கேட்பீர்கள். காரணங்களைச் சொல்லுகிறேன்.

ஓரங்க நாடகம் என்றால் என்ன?

பெரிய நாடகம் ஒரு கல்யாணம் மாதிரி. நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், சாப்பாடு, சம்பந்திச் சண்டை என்று நீண்டுகொண்டே போகும். ஓரங்க நாடகம் அப்படியல்ல. தாலி கட்டும் நேரத்தில் தாலியைக் காணோம் என்றால் என்ன ஆகும்? அந்த அரை மணி நேரம்தான் ஓரங்க நாடகம்.

ஒரே இடம். ஒரே பொழுது. மூன்று, நான்கு பேர். ஒரே ஒரு முடிச்சு. திரை தூக்கும்போதே தண்ணீர் கழுத்தளவு வந்திருக்கும். அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் கதை முடிந்துவிடும். மேடையில் ஒரு சொம்பு இருந்தால் அந்தச் சொம்புக்கும் வேலை இருக்கும்.

இப்படிப்பட்ட இரண்டு நாடகங்களை ஒரே மாலையில் நடத்தினால் என்ன லாபம்? ஒரு காலத்தில் டூரிங் கொட்டகைகளில் "ஒரே டிக்கெட்டில் இரண்டு படம்" என்று தட்டி வைத்தால் கூட்டம் அலைமோதும். அதில் காசு மிச்சம் என்பது ஒரு லாபம். நாடகத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முதல் நாடகத்தைப் பார்த்த கண்ணோடு இரண்டாவதைப் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நடுவில் சுண்டல் தின்னும் இடைவேளையில் நாமும் பேசிக்கொள்கிறோம்.

துப்பாக்கியில் முடிந்த காதல்

இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். இரண்டும் உலகம் முழுவதும் நடிக்கப்படுபவை.

முதலாவது, ருஷ்ய எழுத்தாளர் செகாவ் எழுதிய "கரடி". 1888ஆம் ஆண்டு மேடையேறியது. செகாவ் ஒரு டாக்டர். மனிதனின் நாடியையும் பார்த்தவர், அசட்டுத்தனத்தையும் பார்த்தவர்.

கதை இதுதான். புருஷனை இழந்த இளம் விதவை ஒருத்தி. ஏழு மாதமாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. செத்துப்போன கணவனின் படத்தைப் பார்த்துப் பார்த்து உருகுகிறாள். அவனுக்குப் பிரியமான குதிரைக்கு இன்று கொஞ்சம் அதிகமாகவே ஓட்ஸ் தானியம் போடச் சொல்கிறாள். அப்போது கடன்காரன் ஒருவன் வருகிறான். அவள் புருஷன் வாங்கிய தானியத்துக்கு 1,200 ரூபிள் பாக்கி. "இன்றைக்கே பணம் வேண்டும்" என்கிறான். "இன்றைக்கு இல்லை" என்கிறாள். பேச்சு முற்றுகிறது. இருவரும் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக்கொள்வது என்ற அளவுக்குப் போய்விடுகிறது!

அவளுக்கோ துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. எதிரியே கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கற்றுக்கொடுக்கிறான். அப்படியே காதலிலும் விழுகிறான். கோடரியோடு ஓடி வந்த வேலைக்காரர்கள் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். கடைசியில் அவள் சொல்வது என்ன தெரியுமா? "குதிரைக்கு இன்றைக்கு ஓட்ஸே போட வேண்டாம்." அந்த ஒரே சொல்லில் செத்தவன் இரண்டாம் தடவை செத்துப்போகிறான்.

நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, "ஏழு மாத துக்கம் இவ்வளவுதானா?" என்று மனசு கேட்கிறது. "அந்தப் பெண் ஆயுசு முழுக்க அழுதுகொண்டே இருக்க வேண்டுமா?" என்று அதே மனசு திருப்பியும் கேட்கிறது. விதவையைச் சுவரோரம் உட்கார வைத்த நாட்டில் இது சின்னக் கேள்வி அல்ல.

தேநீரில் தொடங்கிய கொலை

இரண்டாவது, இங்கிலாந்தின் ஹெரால்டு பின்டர் எழுதிய "டம்ப் வெயிட்டர்". இவர் 2005இல் நோபல் பரிசு பெற்றவர். இந்த நாடகம் 1960 ஜனவரியில் லண்டனின் ஹாம்ஸ்டெட் நாடகக் கழகத்தில், அவருடைய "ரூம்" என்ற இன்னொரு ஓரங்க நாடகத்தோடு சேர்ந்து ஒரே மாலையில் நடந்தது. ஆக, நான் கேட்கும் இரட்டை நாடகம் புதுமை அல்ல.

பூமிக்கடியில் ஓர் அறை. இரண்டு கட்டில். இரண்டு பேர். பென், கஸ் என்று பெயர். இருவரும் கூலிக்குக் கொலை செய்பவர்கள். அடுத்து யாரைக் கொல்ல வேண்டும் என்ற உத்தரவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவன் பத்திரிகை படிக்கிறான். மற்றவன் தேநீர் போட வேண்டும் என்கிறான். தேநீர் போட அடுப்பு எரிய வேண்டும். அடுப்பு எரிய மீட்டரில் நாணயம் போட வேண்டும். கையில் நாணயம் இல்லை! "கெட்டிலைப் பற்றவை" என்பது சரியா, "கேஸைப் பற்றவை" என்பது சரியா என்று இருவரும் கழுத்தைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை போடுகிறார்கள். நாம் சிரிக்கிறோம்.

திடீரென்று சுவருக்குள் கடகடவென்று சத்தம். மேல்மாடி ஓட்டலுக்குப் பலகாரம் ஏற்றி இறக்கும் பெட்டி ஒன்று கீழே வருகிறது. அந்தப் பெட்டிக்குத்தான் ஆங்கிலத்தில் "டம்ப் வெயிட்டர்", அதாவது ஊமைப் பரிசாரகன் என்று பெயர். அதில் ஒரு சீட்டு. இறைச்சி வேண்டும், ஜவ்வரிசிப் பாயசம் போன்ற பண்டம் வேண்டும், சர்க்கரை இல்லாத தேநீர் இரண்டு வேண்டும்! மேலே யார் இருக்கிறார்கள்? தெரியாது. ஏன் கேட்கிறார்கள்? தெரியாது. ஆனாலும் இந்தக் கொலைகாரர்கள் நடுங்கிப்போய், தங்கள் பையில் இருந்த பிஸ்கோத்து, சாக்லேட், பால் எல்லாவற்றையும் வைத்து மேலே அனுப்புகிறார்கள். மேலும் மேலும் சீட்டு வருகிறது. வாயில் நுழையாத பண்டங்களின் பெயர் வருகிறது. நாம் இன்னும் சிரிக்கிறோம்.

கடைசியில் கஸ் தண்ணீர் குடிக்க வெளியே போகிறான். பென்னுக்கு உத்தரவு வருகிறது. ஆள் வருகிறான், சுடத் தயாராக இரு! பென் துப்பாக்கியை நீட்டுகிறான். கதவு திறக்கிறது. கோட்டும் துப்பாக்கியும் பறிக்கப்பட்டுத் தடுமாறி உள்ளே வருகிறவன் யார்? கஸ்! இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். திரை விழுகிறது. அவ்வளவுதான்.

சுட்டானா? நாடகம் சொல்வதில்லை.

சற்று முன்வரை சிரித்த வாய் அப்படியே நின்றுவிடுகிறது. மேலே இருப்பவர் யாரென்று கேட்காமல், என்ன உத்தரவு வந்தாலும் சரி சரி என்று செய்தவர்கள் கதி இது. ஆபீசில், கம்பெனியில், கட்சியில், ஏன், சில வீடுகளிலும்கூட, "மேலே சொல்லிவிட்டார்கள்" என்ற ஒரு சொல்லுக்கு நாம் எத்தனை தடவை தலையாட்டியிருக்கிறோம்! அந்தப் பெட்டி நம் வீட்டுச் சுவருக்குள்ளும் ஏறி இறங்குகிறது.

ஒன்று பதற்றத்தில் வளர்ந்து சிரிப்பில் முடிகிறது. மற்றது சிரிப்பில் வளர்ந்து திகிலில் முடிகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவன், தன் சிரிப்பைத் தானே ஒரு தடவை சோதித்துப் பார்க்காமல் இருக்க மாட்டான்.

மேல்நாட்டுச் சரக்கா?

"ருஷ்யாவும் லண்டனும் நமக்கு எதற்கு? நம் ஊருக்கு இது ஒத்துவருமா?" என்று சிலர் கேட்பார்கள்.

இதை நமக்கு யாரும் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்தவர்களைக் கேளுங்கள். துகிலுரிதல் நடக்கும் இரவு. சபை நடுவே பாஞ்சாலி நிற்கிறாள். துகிலைத் தொடுவதற்கு முன் துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதும் உண்டு. அவ்வளவு பயபக்தியான கட்டம். அந்த இரவிலும் கட்டியங்காரன் விட மாட்டான். ராஜாவின் பக்கத்திலேயே நின்றுகொண்டு ராஜாவைக் கேலி செய்வான். கூட்டம் சிரிக்கும். சிரித்த கண்ணிலேயே நீரும் முட்டும். அநியாயத்தின் எதிரில் வாயில்லாமல் நின்ற சபைக்கு, கோமாளி ஒருவன் வாயாக இருக்கிறான்.

புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர் ந. முத்துசாமி. 1977இல் சென்னையில் "கூத்துப்பட்டறை"யைத் தொடங்கியவர். 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். 2018இல் மறைந்தார். அரசியலைக் கேலி செய்யும் அவருடைய "நாற்காலிக்காரர்" ஓரங்க நாடகம்தான். சிரிக்க வைத்தே உறுத்தவும் செய்வது. சோ எழுதி நடித்த "முகமது பின் துக்ளக்" 1968இல் மேடைக்கு வந்தது. அது பெரிய நாடகம். ஆனால் அதன் சிரிப்புக்கும் பல் உண்டு. ஆகவே, கடிக்கும் சிரிப்பு தமிழனுக்குப் புதிதல்ல.

பம்மல் தந்த பெருமை

நம் தென் சென்னைப் புறநகருக்கு இதில் தனி உரிமையும் உண்டு.

பல்லாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பம்மல். அந்த ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873இல் பிறந்தவர். வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவின் ஆட்டத்தைப் பார்த்து, "தமிழில் ஏன் இப்படி இல்லை?" என்று ஏங்கினார். 1891இல் நண்பர்களோடு சேர்ந்து "சுகுண விலாச சபை"யைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18!

அந்தக் காலத்தில் நாடகக்காரனைக் "கூத்தாடி" என்று இளக்காரமாகப் பேசுவார்கள். படித்தவர்களையும் பதவியில் இருப்பவர்களையும் மேடையேற்றி, அந்த இளக்காரத்தைப் போக்கியவர் சம்பந்தனார். தேசபக்தர் சத்தியமூர்த்தியும் அந்தச் சபையின் மேடையில் நடித்தவர். பாட்டாகவே ஓடிக்கொண்டிருந்த நாடகத்தை வசனத்துக்குத் திருப்பிய பெருமையும் சம்பந்தனாருக்குச் சேரும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை "அமலாதித்யன்" ஆக்கினார். "மனோகரா" எழுதினார். அசட்டு எஜமானனும் அதைவிட அசட்டு வேலைக்காரனும் வரும் "சபாபதி"யை எழுதினார். 1959இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1964இல் காலமானார்.

அவர் எழுதிய "சந்திரஹரி"யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரிச்சந்திரன் கதை நமக்குத் தெரியும். உண்மைக்காக நாடு, மனைவி, மகன் எல்லாவற்றையும் இழந்தவன். சம்பந்தனார் அந்தப் பெயரையே திருப்பிப் போட்டார். சந்திரஹரி என்ற ராஜா உண்மையே பேசுவதில்லை என்று விரதம் பூண்டவன்! பொய்க்காக அவன் படும் பாடு சிரிப்பாய்ச் சிரிக்கும். 1941இல் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடித்துச் சினிமாவாகவும் வந்தது. எண்ணிப் பாருங்கள். மயானத்தில் மகனின் பிணத்தோடு நின்ற கதையை எடுத்து, அதையே சிரிப்பாக்கத் துணிச்சல் வேண்டாமா? அதைச் செய்தவர் ஒரு நீதிபதி. கோர்ட்டில் எத்தனை சத்தியப் பிரமாணங்களைக் கேட்டிருப்பார்!

தாம்பரத்துக்கு வருவோம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. அது நகரத்தில் இருந்த காலத்தில் அங்கே தமிழ் கற்பித்தவர் பரிதிமாற் கலைஞர். "ரூபாவதி", "கலாவதி" என்று நாடகங்கள் எழுதியவர். நாடகத்துக்கு இலக்கணமாக "நாடகவியல்" என்ற நூலையே இயற்றியவர். 1903இல், 33 வயதிலேயே மறைந்துவிட்டார்.

இன்னும் ஓர் ஊர் இருக்கிறது. கடற்கரையோரம் ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் ஓவியர்கள் அமைத்த சோழமண்டலம். 1980இல் வங்காளத்தின் பாதல் சர்க்கார் அங்கே வந்து நாடகப் பயிற்சி அளித்தார். மேடை வேண்டாம், திரை வேண்டாம், விளக்கு அலங்காரம் வேண்டாம், மனித உடம்பும் குரலும் போதும் என்று சொன்னவர் அவர். தமிழ் இளைஞர்கள் பலருக்கு அது புது வழி காட்டியது.

பம்மல், தாம்பரம், ஈஞ்சம்பாக்கம். மூன்று ஊருக்கும் நாடகத்தோடு உறவு உண்டு. இருந்தும் இங்கே குடியிருப்பவர் நல்ல நாடகம் பார்க்க ஆசைப்பட்டால், மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும்தானே ரயிலேறிப் போக நினைக்கிறார்? கடைசிக் காட்சியில் கண் மேடையில் இருக்கும். மனம் கடைசி ரயிலில் இருக்கும். இது நியாயமா?

களைத்து வந்தவனுக்கு இது எதற்கு?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கேட்பவர் உழைப்பாளி. காலையில் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு போய், மாலையில் தொங்கிக்கொண்டு வருகிறார். "பாடுபட்டு வந்தவனுக்குக் கொஞ்சம் சிரிக்க வேண்டும், சார். அங்கேயும் கலக்கமா?" என்கிறார்.

சிரிப்பு வேண்டும்தான். துணுக்குகளைத் தோரணம் கட்டிய நாடகங்களை நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் பல நாள் சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் தீர்ந்துபோகிறது. நம் பயத்தை அது தொடவே இல்லை. கடன் பயம், வேலை போகும் பயம், பெண்ணின் கல்யாணம், அப்பாவின் நோய் எல்லாம் போனபடியே வீட்டில் காத்திருக்கின்றன. அந்தப் பயத்தையே மேடையில் கொண்டுவந்து, அதைப் பார்த்தே ஊரோடு சேர்ந்து சிரித்தால், பயத்தின் உயரம் ஒரு சாண் குறைகிறது. சாவு வீட்டு அத்தை செய்தது அதைத்தான்.

"குழந்தைகள் பயப்படும்" என்பது இன்னொரு வாதம். தொலைக்காட்சித் தொடர்களில் பாலில் விஷம் கலக்கிறார்கள். மாடியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். அதையெல்லாம் குழந்தைகள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்கின்றன. அங்கே சிரிப்பும் இல்லை, யோசனையும் இல்லை, "நாளை தொடரும்" என்பது ஒன்றுதான் உண்டு. நாடகம் அன்றைக்கே முடிகிறது. வீடு திரும்பும் வழியில் குழந்தை கேள்வி கேட்கிறது. பெற்றோர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சைக் குழந்தைகளுக்கு இது ஏற்றதல்ல என்பது உண்மைதான். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கலாம்.

எல்லா இருட்டும் நல்ல நாடகம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏழையை, ஊனமுற்றவரை, அடி வாங்குகிற பெண்ணைக் கேலி செய்து சிரிப்பு வாங்குவது கசப்பு நாடகம் அல்ல. அது வெறும் கயமை. கட்டியங்காரன் பாஞ்சாலியைக் கேலி செய்யக் கூடாது. ராஜாவைத்தான் கேலி செய்ய வேண்டும். இதுதான் உரைகல்.

எழுத விஷயமா இல்லை?

பிறமொழி நாடகங்களைத் தமிழாக்கி நடத்துவது தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் நம் கதையை நாமே எழுத வேண்டும். விஷயத்துக்குப் பஞ்சமா?

2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த பகுதிகளையும் சூழ்ந்தது. ஜனங்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். படகு வந்து மீட்டது. இதை வைத்து ஒரு நாடகம் கற்பனை செய்வோம்.

ஒரு மொட்டை மாடி. இரண்டு குடும்பம். நடுச்சுவர் ஓர் அடி தள்ளி வந்துவிட்டது என்று பத்து வருஷமாக வழக்கு, பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வீட்டுக்காரரிடம் ஸ்டவ் இருக்கிறது, தீப்பெட்டி இல்லை. மற்றவரிடம் தீப்பெட்டி இருக்கிறது, ஸ்டவ் இல்லை. நேரடியாகக் கேட்க மானம் இடம் தரவில்லை. "யாராவது தீப்பெட்டி வைத்திருந்தால் நன்றாக இருக்கும்" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொல்கிறார் ஒருவர். "வைத்திருப்பவர்கள் கோர்ட்டுச் செலவுக்கே வைத்திருக்கிறார்கள்" என்று தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொல்கிறார் மற்றவர். வழக்குக்குக் காரணமான சுவரோ தண்ணீருக்குள் எங்கேயோ கிடக்கிறது. சிரிக்கிறோம் அல்லவா?

தண்ணீர் இன்னும் இரண்டு படி ஏறுகிறது. இருட்டுகிறது. படகு வருகிறது. "அம்மா, ஐயா, இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது. மீதிப் பேருக்கு மறுபடி வருகிறோம். எப்போது என்று சொல்ல முடியாது" என்கிறான் படகுக்காரன். மாடியில் இருப்பது ஐந்து பேர். ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

திரை.

அந்த வெள்ளத்தைப் பற்றி எத்தனையோ செய்திகள் படித்தோம். படங்கள் பார்த்தோம். ஏரி எங்கே போனது, வாய்க்கால் எங்கே போனது என்று கூட்டம் போட்டுப் பேசினோம். பிறகு வெயில் அடித்தது, மறந்தோம். அறிக்கை மறந்துபோகும். அந்த ஐந்து பேரின் பார்வை மறக்காது. ஊர் தன் ஆபத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதை மேடையில் ஏற்ற வேண்டும். நாடகம் விளையாட்டுக் காரியம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

செலவைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஐந்து நடிகர்கள், அவர்கள் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஓர் அமைதியான இடம். இவ்வளவுதான் தேவை. பள்ளிக்கூட மண்டபம் போதும். சமுதாயக் கூடம் போதும். பாதல் சர்க்கார் சொன்ன வழியில் போனால் ஒரு பெரிய மொட்டை மாடியே போதும்!

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சுற்றியுள்ள பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உண்டாயிற்று. சாலையும் குடிநீரும் சாக்கடையும் முதலில் என்பார்கள். சரிதான். அதோடு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு கூடத்தைக் குறைந்த வாடகைக்கு நாடகத்துக்கு விடுவதில் கஜானா காலியாகிவிடாது. கல்லூரிகளில் நடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் ஒத்திகை பார்த்த நாடகம் ஒரே இரவோடு மடிந்துபோவானேன்? அதுவே முதல் நாடகமாக இருக்கட்டும். குடியிருப்போர் சங்கங்கள், மகளிர் குழுக்கள் இரண்டாவதை நடத்தட்டும். ஆறரை மணிக்கு மணி அடிக்க வேண்டும். நடுவில் கால் மணி இடைவேளை. எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். பெண்களும் முதியவர்களும் பயமில்லாமல் வீடு போய்ச் சேருவார்கள்.

1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் வேலைக்கும் வேடிக்கைக்கும் வடக்கே போய்ப் பழகிவிட்டோம். இனி நாடகம் கொஞ்சம் தெற்கே வரட்டும்.

அப்படி ஒரு மாலை நடந்தால், வாசகர்களே, நீங்கள் குடும்பத்தோடு போங்கள். சிரிப்பு வந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். நடுவில் சிரிப்பு நின்றுபோனால் வெட்கப்பட வேண்டாம். வீட்டுக்கு நடந்து வரும்போது உங்கள் பையன் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அந்தப் படகில் யார் ஏறியிருப்பார்கள்?" என்று கேட்பான்.

"பேசாமல் வா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கும் பதில் தெரியாவிட்டால், வீடு வரைக்கும் இரண்டு பேருமாக யோசித்துக்கொண்டே நடங்கள்.